மணியோசை முன்னே: ஆங்கிலத்தின் சார்பு இணைப்புச் சொற்கள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள் பலருக்கு மறக்கவே மறக்காத ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டென்ட் தி ஸ்கூல்." விடுப்புக் கடிதத்தின் இரண்டாவது வரி. கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, வீட்டில் கையெழுத்து வாங்கி, வகுப்பாசிரியரிடம் நீட்டிய வாக்கியம். அதன் முதல் சொல்லான 'ஆஸ்' அங்கே என்ன வேலை செய்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளாக மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பத்து வயது மகனுக்குத் தாயான மாணவி ஒருவர் தன் நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். ஸோ ஐ ஆம் நாட் ஏபிள் டு கம்." நடுவில் ஒரு முற்றுப்புள்ளி. அதைத் திருத்தியபோது அவர் கேட்டார்: "சார், முதல் பாதியில் எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது. அப்புறம் புள்ளி வைத்தால் என்ன தவறு?"

நியாயமான கேள்வி. 'அது கன்ஜங்ஷன், அதனால் புள்ளி வைக்கக் கூடாது' என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பதிலில் விளக்கம் எதுவும் இல்லை. சரியான பதில் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் பாதியும் நம் தமிழுக்குள்ளே பாதியுமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பக்கத்து வீடும் சாய்ப்பும்

இணைப்புச் சொல் என்றால் இரண்டு வாக்கியங்களை ஒட்டும் பசை என்று சொல்லித் தருகிறார்கள். 'அண்ட்', 'பட்', 'ஆர்' போன்ற சொற்களுக்கு அது சரி. "மை பிரதர் குக்ஸ் அண்ட் மை சிஸ்டர் சிங்ஸ்." அண்ணன் சமைக்கிறான், அக்கா பாடுகிறாள். இரண்டும் சமமான செய்திகள். ஒரே சுவரைப் பொதுவாக வைத்துக் கட்டிய இரண்டு வீடுகளைப் போல. ஒன்றைக் காலி செய்தாலும் மற்றது வீடாகவே இருக்கும்.

'பிகாஸ்', 'இஃப்', 'ஆல்தோ', 'வென்' ஆகியவை வேறு குடும்பம். வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கும் சாய்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு அடுக்கவும் சைக்கிள் நிறுத்தவும் போடுகிறோமே, அந்தச் சாய்ப்பு. அதற்கும் கூரை உண்டு, கால்கள் உண்டு. ஆனால் அதன் ஒரு பக்கம் வீட்டின் சுவரில்தான் தாங்கி நிற்கிறது. சாய்ப்பைப் பிரித்தாலும் வீடு நிற்கும். வீட்டை இடித்தால் சாய்ப்பு விழுந்துவிடும்.

இனி மூன்று பெயர்கள். ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தனியே நிற்கக்கூடிய வீட்டுப் பகுதி முதன்மைக் கூறு. அதன்மேல் சாய்ந்து நிற்கும் பகுதி சார்புக் கூறு. ஒரு கூறைச் சாய்ப்பாக மாற்றும் சொல் சார்பு இணைப்புச் சொல். இப்படி வீடும் சாய்ப்பும் சேர்ந்த வாக்கியத்தைத் தமிழ் இலக்கண வகுப்பில் கலவை வாக்கியம் என்று படித்திருப்பீர்கள். ஆங்கில வகுப்பில் அதற்குக் 'காம்ப்ளெக்ஸ்' என்று பெயர் வைத்து, ஏதோ சிக்கலான சமாசாரம் போல மிரட்டிவிடுகிறார்கள். நாம் பேசும் தமிழில் நிமிடத்துக்கு ஒரு கலவை வாக்கியம் வருகிறது.

தமிழில் இந்த வேலையை யார் செய்கிறார்?

"மழை பெய்ததால் பஸ் தாமதமாக வந்தது." இதில் இணைப்புச் சொல் எங்கே? தேடிப் பாருங்கள். தனிச் சொல்லாக ஒன்றும் இல்லை. 'பெய்தது' என்று முடிந்து நிற்க வேண்டிய வினை, 'பெய்ததால்' என்று வால் முளைத்து அடுத்த பகுதியை எதிர்பார்த்து நிற்கிறது. அந்த 'ஆல்'தான் கொக்கி.

அதே வினையை வேறு வேறாகத் திருப்பலாம். பெய்தால், பெய்தாலும், பெய்யும்போது, பெய்ததும், பெய்யும்வரை, பெய்யாவிட்டால். ஒவ்வொன்றும் வெவ்வேறு உறவைச் சொல்கிறது. நிபந்தனை, முரண், நேரம், உடனடி நிகழ்வு, எல்லை, எதிர்மறை நிபந்தனை. நமக்கு இதில் தடுமாற்றமே கிடையாது. நான்கு வயதுக் குழந்தை "நீ தந்தால் சாப்பிடுவேன்" என்று பிழையில்லாமல் பேசும்.

நம் இலக்கணக்காரர்கள் இதை மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள். முடியாமல் எஞ்சி நிற்கும் வினை என்பதால் 'எச்சம்' என்று பெயர் வைத்தார்கள். தொல்காப்பியத்தின் வினையியல், வினையெச்சத்துக்கு ஒன்பது வாய்பாடுகளை வரிசைப்படுத்துகிறது. 'செய்து' அதில் ஒன்று. 'செயின்' மற்றொன்று. இன்று நாம் 'செய்தால்' என்று சொல்வதைத்தான் அன்று 'செயின்' என்றார்கள். ஆக, ஆங்கிலத்தின் 'இஃப்' செய்கிற வேலையைத் தமிழ் வினை தன் உடம்பிலேயே சுமந்து வந்திருக்கிறது.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். "இட் ரெய்ண்ட்." மழை பெய்தது. முழு வாக்கியம். "பிகாஸ் இட் ரெய்ண்ட்." மழை பெய்ததால். இரண்டிலும் 'ரெய்ண்ட்' என்ற வினையைப் பாருங்கள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. தமிழில் 'பெய்தது' வளைந்து 'பெய்ததால்' ஆனது. ஆங்கிலத்தில் வினை வளையவே இல்லை. அதனால்தான் அந்த மாணவிக்கு அது முழு வாக்கியமாகத் தெரிந்தது. எழுவாயும் இருக்கிறது, காலம் காட்டும் வினையும் இருக்கிறது. அதைச் சாய்ப்பாக மாற்றுவது முகப்பில் நிற்கும் ஒரே ஒரு சொல்தான்.

அந்தச் சொல் நிற்கும் இடமும் நமக்கு எதிர்ப்பக்கம். தமிழில் கொக்கி சார்புக் கூறின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் முதலிலேயே வந்துவிடுகிறது. 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்போமே, அதுதான் ஆங்கிலத்தின் வழக்கம். 'பிகாஸ்' என்ற மணி ஒலித்தவுடனே, வரப்போவது ஒரு காரணம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். தமிழில் 'ஆல்' வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: தமிழில் வினையின் வாலில் இருக்கும் கொக்கி, ஆங்கிலத்தில் கூறின் தலையில் தனிச் சொல்லாக நிற்கிறது. ஆங்கில வினை தன் உருவத்தில் எந்த அடையாளமும் காட்டாது. தமிழர்கள் இந்தச் சொற்களில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

'பிகாஸ்' என்றால் 'ஏனென்றால்' அல்ல

அகராதியில் 'பிகாஸ்' என்ற சொல்லுக்கு 'ஏனென்றால்' என்று போட்டிருக்கும். பொருள் சரிதான். ஆனால் கட்டுமானம் தவறு. தமிழில் "நான் வரவில்லை. ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்" என்று எழுதுகிறோம். 'ஏனென்றால்' ஒரு புதிய வாக்கியத்தைத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி வைப்பது முறையே. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்." என்று ஆகும். இரண்டாவது பகுதி வீடில்லாத சாய்ப்பு.

ஆகவே 'பிகாஸ்' என்ற சொல்லை மனத்தில் 'ஏனென்றால்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள். 'ஆல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்ததால். மழை பெய்ததால். இது என் கற்பனை இல்லை, அந்தச் சொல்லின் பிறப்பே அப்படித்தான். இடைக்கால ஆங்கிலத்தில் 'பை காஸ்' என்று இரண்டு சொல்லாக இருந்தது ஒன்றாக ஒட்டிப்போனதுதான் 'பிகாஸ்'. 'காஸ்' என்றால் காரணம். 'பை' என்றால் இங்கே 'ஆல்'. காரணத்தால்! நம் உருபே அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

அதே போல 'ஆல்தோ' என்ற சொல்லை 'ஆனாலும்' என்று மனப்பாடம் செய்தால் வாக்கியத்தைத் தவறாக வெட்டிவிடுவீர்கள். 'ஆலும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும், இருந்தாலும், சொன்னாலும்.

இந்த இடத்தில் இன்னொரு தவறான விதியையும் பேசிவிட வேண்டும். "பிகாஸ் என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது" என்று பல பள்ளிகளில் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் இல்லை. "பிகாஸ் இட் ரெய்ண்ட், தி பஸ் வாஸ் லேட்." நல்ல வாக்கியம். முதலில் சாய்ப்பு, பிறகு வீடு. குழந்தைகள் சாய்ப்பை மட்டும் எழுதிவிட்டுப் புள்ளி வைப்பதைத் தடுக்க, சொல்லையே தடை செய்துவிடுகிறார்கள். நோய்க்கு மருந்து கொடுப்பதை விட்டு, சாப்பாட்டை நிறுத்துவது போன்றது இது. பேச்சில் இன்னும் தாராளம் உண்டு. 'ஒய்?' என்று ஒருவர் கேட்டால் "பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்" என்று மட்டும் சொல்லலாம். கேள்வியே அங்கே வீடாக நிற்கிறது.

வேண்டாத 'பட்' எங்கிருந்து வருகிறது?

"ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்." இந்தப் பிழையைக் கண்டு சிவப்பு மையால் 'பட்'டை அடிக்காத ஆசிரியர் இருக்க மாட்டார். "பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங், ஸோ ஐ டிட் நாட் கோ" என்பதும் இதே ரகம். ஏன் அடித்தார் என்று மாணவருக்குத் தெரியாததால், அடுத்த பக்கத்திலும் அதே பிழை வருகிறது.

தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்: "அவர் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்." கொக்கியான 'ஆலும்' எங்கே இருக்கிறது? சரியாக இரண்டு கூறுகளும் சந்திக்கும் மூட்டில். ஆங்கிலத்தில் கொக்கி முன்னாலேயே போய்விட்டது. மூட்டில் மிஞ்சுவது ஒரு காற்புள்ளி மட்டும். "ஆல்தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்." நம் காதுக்கு அந்த மூட்டு காலியாகக் கேட்கிறது. ஏதோ விட்டுப்போனது போல இருக்கிறது. கை தானாகவே ஒரு 'பட்'டையோ 'ஸோ'வையோ எடுத்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

இது அறிவுக் குறைவால் வரும் பிழை அல்ல. தமிழ் மூட்டில் கொக்கி மாட்டிப் பழகிய காது செய்யும் வேலை. இதைத் தெரிந்துகொண்ட மாணவர்கள் அந்தப் பிழையை வெகு சீக்கிரம் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மணி முன்னாலேயே அடித்துவிட்டது, இன்னொரு முறை அடிக்க வேண்டியதில்லை. 'ஆல்தோ' வேண்டுமா, 'பட்' வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். "ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்" என்பதும் சரியே. அது பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் 'ஆல்தோ'வோடு 'ஸ்டில்' அல்லது 'யெட்' வந்தால் பதற வேண்டாம். அவற்றை ஆங்கிலத்தில் அழுத்தத்துக்காகச் சேர்ப்பதுண்டு.

ஒரே 'ஆலும்', இரண்டு ஆங்கிலச் சொற்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்த இரண்டு வாக்கியங்களையும் மெதுவாகப் படியுங்கள்.

மழை பெய்தாலும் போவேன்.

மழை பெய்தாலும் போனேன்.

'மழை பெய்தாலும்' என்பது இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதல் வாக்கியத்தில் மழை பெய்யுமா பெய்யாதா என்றே தெரியாது. இரண்டாவதில் மழை உண்மையாகவே பெய்திருக்கிறது. இந்த வேறுபாட்டை நமக்குச் சொல்வது கடைசியில் வரும் 'போவேன்', 'போனேன்' என்ற முற்றுவினை.

ஆங்கிலத்தில் மணி முன்னால் ஒலிக்க வேண்டும் என்பதால், இந்த வேறுபாட்டையும் முன்னாலேயே சொல்லியாக வேண்டும். அதற்காக இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். நடக்குமா என்று தெரியாத மழைக்கு 'ஈவன் இஃப்': "ஐ வில் கோ ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ்." நடந்துவிட்ட மழைக்கு 'ஈவன் தோ': "ஐ வென்ட் ஈவன் தோ இட் ரெய்ண்ட்." 'ஆல்தோ', 'தோ', 'ஈவன் தோ' மூன்றும் ஒரே குடும்பம். 'ஈவன் தோ' சற்றே அழுத்தம் கூடியது, அவ்வளவுதான்.

எழுதும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது உண்மையில் நடந்ததா, அல்லது நடந்தால் என்ற பேச்சா? விடை கிடைத்தவுடன் சொல்லும் கிடைத்துவிடும்.

நாளைக்கு மழை பெய்தால்

"இஃப் இட் வில் ரெய்ன் டுமாரோ, வி வில் ஸ்டே அட் ஹோம்." நாளைய விஷயம்தானே, 'வில்' போட்டால் என்ன என்று தோன்றும். ஆங்கிலத்தில் இங்கே 'வில்' வராது. "இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வி வில் ஸ்டே அட் ஹோம்." சார்புக் கூறில் நிகழ்காலம், முதன்மைக் கூறில் எதிர்காலம்.

இது விசித்திரமான விதி என்று நினைக்கும் முன் தமிழைப் பாருங்கள். "நாளைக்கு மழை பெய்தால்" என்கிறோம். மழை நாளைக்கு. 'பெய்தால்' என்ற உருவமோ 'பெய்த' என்ற இறந்தகால அடியிலிருந்து வந்தது. 'நாளைக்கு அவர் வந்ததும் சொல்கிறேன்' என்கிறோமே, அதிலும் 'வந்தது' இருக்கிறது, நாளையும் இருக்கிறது. எதிர்காலத்தைக் காட்டும் பொறுப்பை முதன்மை வினையிடம் விட்டுவிட்டுச் சார்பு வினை ஒதுங்கிக்கொள்கிறது. ஆங்கிலமும் அதையே தன் பாணியில் செய்கிறது. 'இஃப்', 'வென்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'அன்லெஸ்', 'ஆஸ் ஸூன் ஆஸ்' எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். "ஐ டோண்ட் நோ வென் ஹி வில் கம்" என்ற வாக்கியத்தில் 'வில்' வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே 'வென்' என்பது 'வரும்போது' அல்ல. 'எப்போது வருவார் என்று' தெரியவில்லை. அது உள்ளே புகுந்த ஒரு கேள்வி. தமிழில் சொல்லிப் பார்த்து, 'போது', 'ஆல்', 'உம்' என்று வால் வந்தால் 'வில்' வேண்டாம். 'எப்போது', 'யார்' என்று தொடங்கி 'என்று' என முடிந்தால் 'வில்' வரலாம். தமிழ் தெரிந்தவர்களுக்குக் கையிலேயே அளவுகோல் இருக்கிறது.

மழையால், மழை பெய்ததால்

தமிழில் 'ஆல்' பெயரோடும் சேரும், வினையோடும் சேரும். மழையால் பஸ் தாமதம். மழை பெய்ததால் பஸ் தாமதம். நமக்கு இரண்டும் ஒரே கொக்கி. ஆங்கிலம் இங்கே பிரித்துப் பார்க்கிறது. பின்னால் வெறும் பெயர் வந்தால் 'பிகாஸ் ஆஃப்': "பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்." எழுவாயும் வினையும் கொண்ட கூறு வந்தால் 'பிகாஸ்' மட்டும்: "பிகாஸ் இட் ரெய்ண்ட்."

'டெஸ்பைட்' என்ற சொல்லில் நன்றாகப் படித்தவர்களும் தவறுகிறார்கள். 'ஆல்தோ'வின் பொருள்தான் அதற்கும். ஆனால் அது பெயரோடு சேரும் சொல். "டெஸ்பைட் தி ரெய்ன்" சரி. "டெஸ்பைட் இட் ரெய்ண்ட்" தவறு. அங்கே 'ஆல்தோ' வேண்டும். 'டியூரிங்', 'வைல்' ஜோடியும் இப்படித்தான். "டியூரிங் தி எக்ஸாம்" என்றால் தேர்வின்போது. "வைல் ஐ வாஸ் ரைட்டிங் தி எக்ஸாம்" என்றால் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஸின்ஸ்' ஆகிய நான்கும் இரண்டு பக்கமும் வேலை செய்யும், அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அவன் சொன்ன 'நான்'

'தட்' என்ற சிறு சொல்லும் சார்பு இணைப்புச் சொல்தான். நம் 'என்று' செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்கிறது. "ஐ நோ தட் ஹி இஸ் ஹியர்": அவன் இங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பேச்சில் 'தட்'டை விட்டுவிடவும் செய்வார்கள்.

ஆனால் ஓரிடத்தில் இது பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும். "நான் வருகிறேன் என்று குமார் சொன்னான்." வரப்போவது யார்? குமார். தமிழில் 'என்று' போட்டால், சொன்னவரின் வாய்மொழியை அப்படியே வைக்கலாம். இதையே "குமார் செட் தட் ஐ வில் கம்" என்று ஆங்கிலத்தில் எழுதினால், வரப்போவது குமார் அல்ல, எழுதுகிற நீங்கள்! அலுவலக மின்னஞ்சலில் இப்படி எழுதிவிட்டு, கூட்டத்துக்கு யார் போவது என்று இரண்டு பேர் முழித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். 'தட்' போட்டுவிட்டால் உங்கள் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். "குமார் செட் தட் ஹி வுட் கம்."

'அன்லெஸ்', 'அன்டில்', 'ஸின்ஸ்'

'அன்லெஸ்' என்ற சொல்லின் உள்ளேயே 'இல்லை' இருக்கிறது. "அன்லெஸ் யூ ஸ்டடி" என்றாலே 'நீ படிக்காவிட்டால்'. அதோடு இன்னொரு 'நாட்' சேர்த்து "அன்லெஸ் யூ டோண்ட் ஸ்டடி" என்றால் பொருள் தலைகீழாகிவிடும். 'அன்டில்' வேறு மாதிரி. அது 'வரும்வரை'. நாம் பேச்சில் 'அவர் வராதவரைக்கும் சாப்பிட மாட்டேன்' என்றும் சொல்வதால், ஆங்கிலத்திலும் ஒரு 'நாட்' புகுந்துவிடுகிறது. "ஐ வில் நாட் ஈட் அன்டில் ஹி கம்ஸ்." 'நாட்' முதன்மைக் கூறில் ஒருமுறை மட்டும்.

'ஸின்ஸ்' இரட்டைப் பொருள் கொண்டது. 'இலிருந்து' என்றும் 'ஆல்' என்றும். "ஸின்ஸ் யூ லெஃப்ட், ஐ ஹேவ் பீன் அலோன்" என்றால் நீ போனதிலிருந்து தனியாக இருக்கிறேனா, நீ போய்விட்டதால் தனியாக இருக்கிறேனா? இரண்டும் பொருந்தும். நம் விடுப்புக் கடிதத்தின் 'ஆஸ்' இன்னும் மோசம். அதற்குக் காரணம், நேரம், விதம் என மூன்று பொருள் உண்டு. காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றால், கற்கத் தொடங்கும் காலத்தில் 'பிகாஸ்' ஒன்றையே பயன்படுத்துங்கள். அதில் ஐயத்துக்கு இடமில்லை.

எதைச் சாய்ப்பாக்குவது?

பிழையில்லாமல் எழுதுவது முதல் படி. எந்தச் செய்தியை வீடாக வைப்பது, எதைச் சாய்ப்பாக இறக்குவது என்று நாமே தீர்மானிப்பது அடுத்தது. அங்கேதான் எழுதுபவரின் மனம் தெரியும்.

"அவர் தாமதமாக வந்தாலும் நன்றாகப் பாடினார்." கேட்டவருக்குத் திருப்தி. "அவர் நன்றாகப் பாடினாலும் தாமதமாக வந்தார்." கேட்டவருக்கு மனத்தாங்கல். நடந்தவை ஒன்றே. 'ஆலும்' எந்தப் பகுதியில் மாட்டியது என்பதில் தீர்ப்பே மாறிவிட்டது. ஆங்கிலத்திலும் அப்படியே. "ஆல்தோ ஹி கேம் லேட், ஹி சாங் வெல்." "ஆல்தோ ஹி சாங் வெல், ஹி கேம் லேட்." சார்பு இணைப்புச் சொல் பெற்ற பகுதி பின்னணிக்குப் போகிறது, மற்றது முன்னால் வந்து நிற்கிறது. மதிப்பீடு எழுதுபவர்களும் புகார்க் கடிதம் எழுதுபவர்களும் இதை அறிந்தே செய்ய வேண்டும்.

தமிழ் உரைநடையில் முற்றுவினை கடைசியில் வருவதால், சாய்ப்பு பெரும்பாலும் முன்னால்தான் இருக்கும். ஆங்கிலம் இரண்டு இடத்தையும் தருகிறது. "பிகாஸ் இட் ரெய்ண்ட், தி பஸ் வாஸ் லேட்." "தி பஸ் வாஸ் லேட் பிகாஸ் இட் ரெய்ண்ட்." கவனியுங்கள்: இடம் மாறியபோது 'பிகாஸ்' தன் கூறைக் கையோடு அழைத்துக்கொண்டு போகிறது. பசையாக இருந்தால் நடுவிலேயே கிடந்திருக்கும். சாய்ப்பு முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி வையுங்கள். பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். 'ஆல்தோ' பின்னால் வரும்போது மட்டும், முரணைக் காட்ட ஒரு காற்புள்ளி வைப்பவர்கள் உண்டு.

பயிற்சிக்கு நம் பழமொழிகளைவிட நல்ல பொருள் கிடையாது. "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." கொக்கி எங்கே? 'அடித்தால்'. 'ஆல்' போய் 'இஃப்' ஆகி முன்னால் நிற்கட்டும். "இஃப் யூ கீப் ஹிட்டிங் இட், ஈவன் எ கிரைண்டிங் ஸ்டோன் வில் மூவ்." 'கீப்' என்பதில் 'வில்' இல்லை, 'மூவ்' என்பதற்கு முன்னால் 'வில்' இருக்கிறது, நடுவில் 'ஸோ' எதுவும் இல்லை. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். முதலில் தமிழில் கொக்கியைக் கண்டுபிடித்து அடிக்கோடு இடுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

புள்ளி வைத்தால் என்ன தவறு என்று கேட்ட அந்த மாணவிக்குச் சில வாரங்கள் கழித்து உண்மையாகவே ஒரு நாள் விடுப்புத் தேவைப்பட்டது. கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தார்: "ஐ கேனாட் கம் டுடே பிகாஸ் மை சன் ஹேஸ் ஃபீவர்." வர முடியாது என்ற செய்தி முதலில், காரணம் பின்னால். நடுவில் புள்ளி இல்லை, 'ஸோ' இல்லை, காற்புள்ளியும் இல்லை. மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பினேன்.